சுவரைக் காலி செய்த நாள்

என் படங்களெல்லாம் சாப்பாட்டு மேசைக்குள் அடங்கியவை. கலைக் கொள்கை எதுவும் இல்லை, ஹைதராபாத் கொண்டாப்பூர் ஃபிளாட்டில் எனக்கு வாய்த்த இடம் அதுதான். அதையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் காலி செய்துவிட வேண்டும். ஒருமுறை சாம்பாரில் நீலம் கலந்துவிட்டதை என் கணவர் இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆகவே, சனத்நகரில் பெண் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய ஓர் இடம் இருக்கிறது, மூன்று மாதம் அறையும் சாப்பாடும் இலவசம் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்துவிட்டேன். மூடிப்போன பட்டறை அது. வெளிநாட்டில் வாழும் ஒரு அம்மாளின் நன்கொடையில் வெள்ளையடித்து, எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு சுவர் கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் முழுக்க என் சுவரின் முன் சும்மா நின்றேன். அவ்வளவு பெரிய இடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அங்கே ஒரே சட்டம்தான்: வீட்டு வேலை செய்யக் கூடாது. பொறுப்பாளர் செகந்தராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். சாப்பிட்ட தட்டை எடுத்தால் போதும், "நக்கோக்கா, வெச்சிடுங்க. கைக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்று பிடுங்கிக்கொள்வாள். ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம். வேண்டாம் என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் கை கேட்டால்தானே? வரங்கலிலிருந்து வந்திருந்த மண் சிற்பி, பொறுப்பாளர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் சமையல்கார அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பாள். நான் திருட்டுத்தனமாகத் தலையணை உறைகளைத் துவைத்தேன்.

இரண்டாவது மாதம் ஒருவழியாகத் துணிந்தேன். சுவர் முழுக்க கேன்வாஸை அடித்து, ரயில்வே பட்டறையில் ஷிஃப்ட் விடும் நேரத்தை வரையத் தொடங்கினேன். வாசல் நிறைய சைக்கிள்கள். மூன்றாவது மாதம் முடியப்போகும்போது பாதி சைக்கிள்களுக்குச் சக்கரமே இல்லை.

"நன்கொடை குடுத்த அம்மா இந்தியா வர்றாங்க. உங்க படத்தைப் பார்த்தா இன்னொரு மாசம் தருவாங்க. ஹவ், ஆமாக்கா, நான் பேசிட்டேன்" என்றாள் பொறுப்பாளர். அந்த ஒரு மாதம் கிடைத்தால் படம் முடியும். கிடைக்காவிட்டால் மறுபடி மேசைதான்.

அந்த அம்மாளை அழைத்துவர அவள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் வினை. விருந்தாளி வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? மண் சிற்பி துடைப்பத்தை எடுத்தாள். தரையில் சிந்தியிருந்த பெயிண்டை நான் சுரண்டினேன். செய்து முடிக்காத சிலைகளெல்லாம் ஈரத்துணி போர்த்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போயின. என் படம் மட்டும் அரைகுறையாகத் தொங்கினால் பார்க்க அசிங்கமாக இருக்காதா? கழற்றிச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். ஃபினாயில் போட்டுக் கழுவினோம். சமையல்கார அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு வடை சுட்டோம். தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றோம்.

பொறுப்பாளர் அந்த அம்மாளோடு உள்ளே வந்து சுவர்களைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. ஓடிப்போய்ப் படத்தை எடுத்தேன். ஈரத்தோடு சுருட்டியதால் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. "பரவாயில்லை, சிரமப்படாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அந்த அம்மாள் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமான இடத்தைப் பார்த்ததே இல்லை என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

மறு வாரம் பதில் வந்தது. கூடுதல் மாதம் கிடையாது. எங்கள் கைமணத்தைப் பாராட்டி, சமையலறைக்கு ஒரு புது வெட் கிரைண்டர் மட்டும் வந்து இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிரைண்டரைப் பார்த்து அழுத ஒரே ஓவியர் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து படத்தை மெதுவாகப் பிரித்ததில் அங்கங்கே பெயிண்ட் உரிந்திருந்தது. சாப்பாட்டு மேசையை பால்கனிக்குத் தள்ளிவிட்டு, ஹால் சுவரில் ஆணியடித்து மாட்டி, விட்டுப்போன சக்கரங்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தேன். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். "சாயங்காலம் நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம். பாஸ்டர் வர்றார். இன்னிக்கு மட்டும் அதைக் கழட்டிச் சுருட்டி வெச்சிடேன்மா."

உண்மையைச் சொல்கிறேன், என் கை ஆணி வரைக்கும் போய்விட்டது.

"நக்கோ" என்றேன்.

அவர் ஜமக்காளத்தை விரிக்கப் போனார். பாஸ்டர் படத்தில் சாய்ந்து உட்கார்ந்து நீண்ட ஜெபம் செய்தார். காயாத சிவப்புச் சக்கரம் ஒன்று அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் ஏறி லிஃப்டில் இறங்கிப் போனது. மறுநாள் காலையில் அதைத் திரும்ப வரைந்தேன்.