எடை புரோகிராம் காணாமல் போன காலைகள்

அரியலூர் பக்கம் ஒரு எடை மேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறினால் கம்ப்யூட்டரில் எடை வரும். சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் ஆண்டிமடத்துப் பெண் ஒருத்தி பார்ப்பாள்.

எடை புரோகிராம் காணாமல் போக ஆரம்பித்தது. காலையில் திறந்தால் திறக்காது. திரையில் அதன் சின்னப் படம் இருக்கும், உள்ளே ஃபைல் இருக்காது. லாரிகள் ரோடு வரை நிற்கும்.

"யோவ், கல்லு லாரியிலயே மொளைச்சிரும்யா" என்பார் டிரைவர் ஒருவர்.

பெரம்பலூரிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து புரோகிராமை மறுபடி ஏற்றிவிட்டுப் போவார். ரெண்டு நாளில் மறுபடி போய்விடும்.

மூன்றாவது தடவை மேனேஜர் சொன்னார்: "யாரோ அழிக்கிறீங்க. ஒரு ஆளு வெளியில போவணும்."

வேறு வேலை தெரியாது. "சாயங்காலம் அந்தப் பொண்ணுதான் இருந்துச்சு சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாளும் புரோகிராமைக் காணவில்லை. மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். மெக்கானிக் வந்து உட்கார்ந்து என்னைக் கேட்டார்.

"அண்ணே, காலையில திரையில ஏதாச்சும் கேள்வி கேட்டு பெட்டி வருதா?"

"வரும். அமுக்கிட்டு வேலையைப் பார்ப்பேன்."

"எதை?"

"நீலத்தை." போனில் கலர் உள்ள பட்டன்தான் சரி என்று பழக்கம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

அவர் தலையில் கை வைத்தார். "வைரஸைத் தடுக்குற சாஃப்ட்வேரு நம்ம எடை புரோகிராமையே வைரஸுன்னு நெனச்சுக்கிட்டு, அழிக்கவான்னு கேக்குது. நீலம்னா அழின்னு அர்த்தம்ணே."

அழித்ததெல்லாம் பதிவாகிற பட்டியலைத் திறந்து காட்டினார். நாலு தடவை அழித்திருந்தது. எல்லாமே காலை ஆறு மணி சுமாருக்கு. என் ஷிப்ட்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஃபைலைத் திரும்ப எடுத்துட்டேன். இனிமே இதைத் தொடாதேன்னு அந்த சாஃப்ட்வேருக்கும் சொல்லி வெச்சிட்டேன். இந்த லிஸ்ட்டையும் அழிச்சிடவா?"

பக்கத்தில் மேனேஜர் அறையில் அந்தப் பெண் அழுவது கேட்டது.

"வேணாம்" என்றேன்.

எழுந்து அந்த அறைக்குப் போனேன். "சார், அந்தப் பொண்ணு இல்ல. நான்தான் அமுக்கினேன்."

"நேத்து இந்தப் பொண்ணுதான்னு சொன்னது நீதானய்யா?"

"ஆமாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேனேண்ணே."

"நீ சாயங்காலம் வாம்மா" என்று மேனேஜர் அவளை அனுப்பினார். வெளியே ஹாரன். போய் உட்கார்ந்து சீட்டு அடித்தேன்.

நாளைக்கு வரட்டுமா என்று கேட்கப் பயம். கேட்காமலே மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். வாட்ச்மேன் வழக்கம்போல கேட்டைத் திறந்துவிட்டார்.