பெண் வீட்டார் பார்த்த ஆம்ப்ளிஃபையர்

சென்ற வாரம் தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில்.

"இனிமே நிம்மதியா பாட்டுக் கேக்கணும் அண்ணே. மலிவா, நல்லதா ஒரு ஆம்ப்ளிஃபையர் சொல்லுங்க. இன்டர்நெட்ல பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். மண்ட காயுது லா."

என்னை ஏன் கேட்டார்? எப்போதோ இந்தப் பத்தியில் என் பழைய செட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். எழுதியவன் மறந்துவிடுவான்... வாசகர்கள் மறப்பதில்லை.

"உங்க வீட்டுக் கூரை என்ன கூரை?" என்று கேட்டேன்.

"தகரந்தான். ஏண்ணே?"

"அப்ப எத்தனை வாட்ஸ் வாங்கினாலும் உங்க ஊர் மழைகிட்ட தோத்துடும். அத மொதல்ல தெரிஞ்சிக்குங்க."

சிரித்தார். அப்புறம் அரைமணி நேரம் பேசினோம். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில், பழைய சாமான் கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடமிருந்து.

அப்போது நான் ஒரு லாரி கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. சம்பளம் வாங்கினால் நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன். வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஜப்பான் ஆம்ப்ளிஃபையர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வெள்ளி நிற முகம், வரிசையாகக் குமிழ்கள், இரண்டு ஊசிகள் ஆடும் கண்ணாடி. எனக்கு மூச்சு முட்டும்.

மாதக்கணக்காக நான் சும்மா வந்து போவதைப் பார்த்து, தவுக்கே ஒருநாள் பரிதாபப்பட்டார். பாடம் எடுத்தார்.

பெட்டியில் அச்சடித்த வாட்ஸை நம்பாதே, தூக்கிப் பார். கனமாக இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரிது என்று அர்த்தம். பாட்டே போடாமல் வால்யூமை முழுக்கத் திருப்பு. 'ம்ம்ம்' என்று மாடு மாதிரி முனகினால் வேண்டாம். பிடித்த பாட்டை வைத்துச் சோதிக்காதே, பிடித்த பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலைக் கேள். அவர் பீப்பாய்க்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தால், நடையைக் கட்டு.

அப்படித் தூக்கிப் பார்த்து, முனகலைக் கேட்டு, செய்திகளாகக் கேட்டுத்தான் என் செட்டை வாங்கினேன். மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. டிரெபிள் குமிழைக் காணோம். அந்த இடத்தில் பற்பசை ட்யூபின் சிவப்பு மூடியை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொரு குறை, வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. பாடிக்கொண்டே இருக்கும்போது வலது ஸ்பீக்கர் திடீரென்று மௌனவிரதம் இருக்கும். ஸ்பீக்கர் குமிழை 'பி'க்குத் திருப்பி, மறுபடி 'ஏ'வுக்குக் கொண்டுவந்தால் பாடத் தொடங்கிவிடும். இந்த ரகசியம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செட்டை யாரையும் தொடவிட மாட்டேன். அதைத் துடைப்பதற்கென்றே ஒரு துணி. கல்யாணமாகாதவன் வேறு எதைத்தான் கொஞ்சுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் கேட்க வருகிறவர்களில் செல்வம் முக்கியமானவன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்கு வந்து, ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே வரிசை; ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். ஸ்டீரியோ என்பது அவனுக்குப் புதுசு. முதல்நாள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எழுந்துபோய் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"தபலாக்காரன் இங்கதாண்ணே உக்காந்திருக்கான்."

எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். நாம் ரசிப்பதை இன்னொருவன் நம் கண்ணெதிரே ரசிப்பதைப் போல ஒரு சுகம் உண்டா?

அந்தச் செல்வம் ஒருநாள் பாட்டுக் கேட்காமல், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து முறிந்திருந்தது. பெண் வீட்டார் ஈப்போவின் புந்தோங் பகுதியில் அவன் வாடகைக்கு இருந்த பலகை வீட்டுக்கு வருவார்கள், வெறும் சிமெண்டுத் தரையைப் பார்ப்பார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி. இப்போது ஆயர் தாவாரிலிருந்து மூன்றாவது சம்பந்தம். இந்தப் பெண்ணை அவன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, இரண்டு வார்த்தை பேசியும் இருக்கிறான்.

"இதுவும் போச்சுன்னா நான் இப்படியே இருந்துக்கிறேண்ணே. வேற பொண்ணு வேணாம்."

"போகாதுடா."

"செட்ட ஒருநாளைக்குக் குடுங்கண்ணே. ஹால்ல வச்சா வீடு ரொம்பின மாதிரி இருக்கும்."

பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனுக்குக்கூட அவ்வளவு யோசனை இருந்திருக்காது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன்... செட்டு எங்கே போகிறதோ, அங்கே நானும் வருவேன்.

செட்டைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். ஸ்பீக்கர்களும் கேசட் பெட்டியும் டிக்கியில். செல்வத்தின் ஹால் அடையாளம் தெரியவில்லை. சோபா, பூப்போட்ட திரைச்சீலை, சுவர்க் கடிகாரம். என் செட்டை நடுவில் வைத்தார்கள். அவன் அக்கா அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தாள். காற்றுப் போகும் துவாரத்தின்மேலேயே. உடனே எடுத்துவிடத் தோன்றியது. ஆனால் நான் இப்போது வெறும் விருந்தாளி. வாயைத் திறக்கக் கூடாது.

பெண்ணின் அப்பா வந்தார். ராமையா. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். கூடவே அவருடைய தங்கை. உட்கார்ந்தார்கள். ராமையா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, செட்டையே பார்த்தார். குறிப்பாக அந்தச் சிவப்பு மூடியை.

"நல்ல செட்டா இருக்கு. எப்ப வாங்கனீங்க தம்பி?"

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு மாமா."

"ஓ... அந்தத் தீபாவளிக்கா? பாட விடுங்க, கேப்போம்."

செல்வம் கேசட்டைப் போட்டான். முதல் பாட்டு அருமையாகப் போனது. ராமையாவின் தங்கைகூடத் தலையாட்டினார். இரண்டாவது பாட்டின் பாதியில்... வலது ஸ்பீக்கர் நின்றது.

செல்வம் எழுந்து வால்யூமைத் திருப்பினான். பேஸைத் திருப்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "கரண்டு சரியில்ல போல," என்றாள் அக்கா. ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் கரண்டு போகுமா? எனக்குக் கை பரபரத்தது. ஒரே ஒரு குமிழ். ஆனால் நான் எழுந்தால் குட்டு உடைந்துவிடும். தொடைக்குக் கீழே கையை வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ராமையா கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். செட்டுக்குப் பக்கத்தில் போய், ஸ்பீக்கர் குமிழை 'பி'க்குத் திருப்பி, மறுபடி 'ஏ'வுக்குக் கொண்டுவந்தார். வலது ஸ்பீக்கர் பாடியது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்தச் செட்டுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கு," என்றார்.

செல்வத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. இவருக்கு எப்படித் தெரியும்?

ராமையா வாசலுக்குப் போய் நின்று என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வாங்க தம்பி."

வெளியே போனேன். மெதுவாகக் கேட்டார். "செட்டு உங்களுதுதான?"

"எப்படித் தெரியும்?"

"வந்ததுலேருந்து நீங்க அந்தப் பூச்சாடியவேதான பாத்துக்கிட்டு இருக்கீங்க."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. என் அக்காவுக்கு வீடு ஆயர் தாவாரில். செல்வம் சொன்ன அதே தீபாவளி முடிந்த கையோடு அக்கா புருஷன், "எங்க ஊர்ல நல்ல ரிப்பேர்க்காரன் இருக்கான் மச்சான்," என்று என் செட்டைக் கேட்டு வாங்கிப் போனார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். குறை அப்படியே இருந்தது. ரிப்பேர்க்காரனைத் திட்டினேன். ஆனால் செட்டு போனது ரிப்பேர்க்காரனிடம் அல்ல, மச்சானின் பக்கத்து வீட்டுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வேறு யார்? இதோ, என் எதிரே நிற்கும் ராமையா. அவருடைய மூத்த பெண்ணை லூமுட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, ஹால் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று மச்சான் உபகாரம் செய்திருக்கிறார். என் செட்டை வைத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ராமையாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு தம்பி. அப்புறம்தான் பயம் புடிச்சிக்கிச்சு. சம்பந்தி வீட்டுக்கு வந்தா, செட்டு எங்கன்னு கேப்பாங்களே? மறுவீட்டு விருந்த தங்கச்சி வீட்டுல வச்சேன். தீபாவளிக்கு, வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம்னு சொன்னேன். பொங்கலுக்கு, சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னேன். எம்பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பொட்டிக்குப் பயந்துக்கிட்டு, பெத்த பொண்ணக் கூப்புடாம இருக்கேன்."

நான் இங்கே ஸ்டீரியோ கேட்டுக் கிறங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், அதே பெட்டியால் அங்கே ஒரு மனிதர் மகளைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

"அப்ப... நம்ம செல்வம் விஷயம்?" என்று மெல்ல இழுத்தேன்.

"சின்னவளுக்கும் இப்படியே பொய்ல ஆரம்பிக்கச் சொல்றீங்களா?" என்றார். விடுவிடுவென்று உள்ளே போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ராமையா ஹால் நடுவில் நின்றார். "தம்பி, இந்தச் செட்டு உங்களுது இல்ல. நீங்க சொன்ன தீபாவளிக்கு அடுத்த வாரம் இது எங்க வீட்டுல இருந்துச்சு. அங்கேயும் இது என்னுது இல்ல."

"அண்ணே, என்ன பேசுற நீ?" என்று தங்கை பதறினார்.

"இரு. தம்பி, இந்த ஹால்ல உங்களுது எது? அத மட்டும் சொல்லுங்க."

செல்வம் அக்காவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டே ஆரம்பித்தான்.

"சோபா பக்கத்து வீட்டு சீனத்தி ஆண்ட்டியோடது. தெரச்சீல அக்காவோடது. கடிகாரம் ஃபேக்டரில கூட வேல செய்றவனோடது. பூச்சாடி... தெரியல, அக்கா எங்கேயோ வாங்கியாந்தாங்க."

"அப்ப எதுதான் உங்களுது?"

"அந்த மூலைல இருக்கிற ஸ்டூலு. நானே செஞ்சது. அப்புறம் ஃபேக்டரி வேல. அவ்வளவுதான் மாமா."

முதலில் சிரித்தது ராமையாவின் தங்கைதான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்காவும் சேர்ந்துகொண்டாள். ராமையா சிரிக்கவில்லை. மூலைக்குப் போய் ஸ்டூலை இழுத்தார், ஆட்டிப் பார்த்தார், அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஆடல. ஆவணியில நாள் பாக்கலாம்," என்றார்.

நான் அந்த இடைவெளியில் பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தேன்.

கல்யாணம் ஆயர் தாவாரில் நடந்தது. செல்வம் மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. பந்தலில் ராமையா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். லூமுட்டுக்குப் போய்ச் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னாங்க?"

"அவரு வேற மாதிரி நெனச்சிக்கிட்டு இருந்திருக்காரு தம்பி. மீன்புடிக்கிற குடும்பம்னு நாங்க ஒதுக்குறோம்னு. அதான் கூப்புட மாட்டேங்குறோம்னு. ஒரு வருஷமா வீட்டுல எல்லாரும் மனசு நொந்து கெடந்திருக்காங்க."

"செட்டு விஷயம் சொன்னீங்களா?"

"சொன்னேன். அன்னிக்கு ஹால்ல இருந்தது எரவல் செட்டுன்னு, தலயக் குனிஞ்சிக்கிட்டு சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க... 'எந்தச் செட்டு? நாங்க பொண்ணத்தான பாத்தோம்'னு."

சொல்லிவிட்டு ராமையா சிரித்தார். கண்ணில் தண்ணீர். பந்தலில் அவருடைய மூத்த பெண், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, சொந்த வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

ராமையாவுக்கு மனப்பாரம் இறங்கிவிட்டது. எனக்குத்தான் ஒரு சின்ன வருத்தம்... அவ்வளவு தேடி, தூக்கிப் பார்த்து வாங்கிய செட்டு — சம்பந்தி வீட்டார் ஒருத்தர் கண்ணில்கூடப் படவில்லையாமே!