ஏகாம்பரம் தைத்துக்கொண்ட ரைபிள்

1. தோளுக்கு வராத துப்பாக்கி

மாவட்ட மேட்ச் அன்று எல்லோரும் இலக்கைப் பார்த்து நின்றிருந்தார்கள். பட்டுக்கடை ஏகாம்பரம் மட்டும் தன் ரைபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தடித்த ஷூட்டிங் கோட்டைப் போட்டுக்கொண்டு ரைபிளைத் தூக்கினால், பின்கட்டை தோளுக்கு வராமல் நெஞ்சிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"சம்பத்து! இன்னாய்யா இது, உள்ள போவ மாட்டேங்குது? கொஞ்சம் குட்டையாக்கு!"

"எதைத் திருகி சார் குட்டையாக்கறது? ஸ்க்ரூ தெரிஞ்சா அசிங்கமா கீதுன்னு நீங்கதானே வேணாம்னீங்க?" என்றேன்.

உத்திரமேரூரில் பழைய ரைஸ் மில் குடோனில் நடக்கும் ஏர் ரைபிள் கிளப்பில் நான் ஆர்மரராக இருந்தேன். ஏதோ பட்டாளத்து வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ரைபிளைத் துடைப்பது, தேய்ந்த ரப்பர் வாஷரை மாற்றுவது, தோற்றவர்கள் ரைபிளைத் திட்டும்போது கூடவே தலையாட்டுவது, இவ்வளவுதான். மூன்றாவது வேலைதான் அதிகம்.

கிளப்பில் இருந்தவை ரெடிமேடாக வருகிற கம்பெனி ரைபிள்கள். கன்னம் வைக்கும் இடம், தோளில் வைக்கும் இடம் எல்லாவற்றையும் அலன் கீ என்ற சின்னத் திருகுசாவியால் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஊர்ல கீற எல்லாரும் தொட்டது, நான் தொடறதா?" என்றார். கோயம்புத்தூரில் கஸ்டம் ரைபிள் செய்கிற ஒருவரைக் கடைக்கே வரவழைத்தார். கஸ்டம் என்றால் ஏதோ மந்திரம் என்று மெம்பர்களுக்கு நினைப்பு. உள்ளே இருப்பது அதே கம்பெனிக் குழல்தான். வெளிக்கட்டையை மட்டும் ஆளின் உடம்புக்கு அளந்து செதுக்குவார்கள்.

அந்த அளவைத்தான் ஏகாம்பரம் பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு கொடுத்திருந்தார். கோட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. வயிற்றை நாள் முழுக்க எக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதையும் நினைக்கவில்லை. கடைசியில் கோட்டைக் கழற்றி வீசிவிட்டுச் சுட்டார். பல பெல்லட் குண்டுகள் நடுக் கறுப்பு வட்டத்தை விட்டுவிட்டு, இலக்கு அட்டையின் வெள்ளைப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்தன.

2. விலைக்கு வந்த ரைபிள்

அதே மேட்ச்சில் பெண்கள் பிரிவில் ஸ்டெல்லா தகுதிப் புள்ளி வாங்கிவிட்டாள். திருமுக்கூடல் பெண். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து வந்து கிளப்பின் கம்பெனி ரைபிளில் சுடுவாள். அடுத்தது மாநில மேட்ச். அதில் தேறினால்தான் விளையாட்டு கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போட முடியும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது.

மறுநாளே ஏகாம்பரம் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு சுட்ட ரைபிளு ராசியான ரைபிளுய்யா. இன்னா வெலையானாலும் எனக்குக் குடுத்துடுங்க."

கிளப் செயலாளர் பிரகாசம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்களுக்கு இல்லாததா சார்? இந்த ஹாலுக்கு ஏசி போட்டுக் குடுத்தவரு நீங்க" என்றார்.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு என் மேஜையருகே வந்து மெல்லிய குரலில் கேட்டாள்:

"அண்ணா, வேற ரைபிள்ல கை படியறதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும். நான் இன்னா பண்ணட்டும்?"

பிரகாசத்திடம் நியாயம் பேசிப் பயனில்லை. ஏசிக்காரருக்கு முன்னால் அவருக்குக் காது கேட்காது. அதனால் நேரே ஏகாம்பரத்திடம் போனேன்.

"சார், உங்க அந்தஸ்துக்குப் பழைய கம்பெனி ரைபிளா? பார்க்கிறவன் இன்னா நினைப்பான்? அதே ரைபிள அப்படியே அளந்து, தேக்கு கலர்ல பாலிஷ் போட்டுப் புதுசா ஒண்ணு கஸ்டமா செஞ்சுக்கலாமே?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட்டுய்யா! பொம்பளைங்க அளவு ஜாக்கெட் குடுத்து தைக்கிறா மாதிரி! இது எனக்குத் தோணாமப் போச்சே!"

புடவை வியாபாரம் செய்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? அந்த அளவு யாருடைய அளவு என்பதுதான் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. கிளப் ரைபிள் தப்பித்தால் போதும் என்று வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். ஸ்டெல்லாவின் கன்னம், தோள், கழுத்து எல்லாம் அந்த ரைபிளில் எப்படிப் பொருந்தியிருந்தனவோ, அப்படியே மயிரிழை பிசகாமல் அளந்து கொடுத்தேன். வேலையில் இத்தனை சிரத்தையை நான் அதுவரை காட்டியதில்லை.

"இதுலயும் ஸ்க்ரூ வேணாம்" என்று ஏகாம்பரமே கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் சொன்னார்.

3. அளவு சேர்ந்தது

ரைபிள் வந்த அன்று ஏகாம்பரம் தம் மனைவி காமாட்சியம்மாளையும் அழைத்து வந்தார். ஷிப்ட் முடிந்து வந்த ஸ்டெல்லாவும் ஓரமாக நின்றிருந்தாள். பூ, கற்பூரம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. ஏகாம்பரம் கோட்டைப் போட்டுக்கொண்டு தூக்கினார். ஆறடி ஆள், ஸ்டெல்லா உயரத்துக்குக் கூனிக் குறுகி நின்றார். கன்னம் வைக்க வேண்டிய கட்டையில் அவருடைய தாடை இடித்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். குறி தெரியவில்லை.

"ஏம்பா, இதுவும் பேஜார் பண்ணுதே! அளவு எடுத்தாங்களா இல்லியா?"

காமாட்சியம்மாள் நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டார்:

"யாரோட அளவ எடுத்தாங்க?"

"அந்தப் பொண்ணு ரைபிள வச்சுதான்" என்றார் ஏகாம்பரம்.

"ஊரான் வூட்டுப் பொண்ணு அளவு ஜாக்கெட்ட குடுத்து தச்சா எனக்கு சேருமா? இவ்ளோ பெரிய கடைய வச்சிக்கினு இதுகூடத் தெரியலியா ஒனக்கு?"

யாரும் சிரிக்கக் கூடாது என்று பிரகாசம் எங்களை முறைத்தார். பிறகு அவரே இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். "ஷோ கேஸ்ல அழகா வச்சிடலாம் சார்" என்று சமாளித்தார்.

"மாட்டி வைக்கவா செஞ்சாங்க? அந்தப் பொண்ணு கையில குடுங்க, பார்ப்போம்" என்றார் காமாட்சியம்மாள்.

ஏகாம்பரம் ரைபிளை விடவில்லை. அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு விட்டார்.

ஸ்டெல்லா தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ரைபிளைத் தூக்கினாள். ஒரு திருகல் இல்லை, ஒரு நகர்த்தல் இல்லை, தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. சுட்டதில் பெல்லட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழ, அட்டையில் ஒரே ஓட்டைதான் இருந்தது.

மாநில மேட்ச்சுக்கு அந்த ரைபிளோடுதான் போய்த் தேறினாள். வெற்றிப் போட்டோவில் தாமும் நிற்க வேண்டும் என்பது ஏகாம்பரத்தின் நிபந்தனை. நின்றார்.

கம்பெனி ரைபிள் வாங்கலாமா, கஸ்டம் வாங்கலாமா என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். முதலில் கம்பெனி ரைபிளில், அலன் கீயைக் கையில் வைத்துக்கொண்டு, உன் உடம்பு எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள். கஸ்டம் வேண்டுமென்றால் அதன் பிறகு வாங்கு. அளவு கொடுக்கும்போது கோட்டைப் போட்டுக்கொள், மூச்சை விட்டுவிட்டு நில், முக்கியமாக உன் அளவைக் கொடு. நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

வேலை உத்தரவு வந்த அன்று ஸ்டெல்லா இனிப்புப் பெட்டியோடு கிளப்புக்கு வந்தாள். ஏகாம்பரம் புதிய மெம்பர்களைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரைபிளு நம்மளுது. சுட்டது மட்டுந்தான் அவ."

ஸ்டெல்லா காதில் அது விழுந்தது. அவரைத் தாண்டிப் போய், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காமாட்சியம்மாளிடம் முதல் இனிப்பைக் கொடுத்தாள்.