தேக்சா இறங்கினால் கப்பல் ஏறும்

1. தள்ளிப் பாருங்க

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு லேப்டாப் தரவில்லை, பேட்ஜ் தரவில்லை, ஒரு வாய்க் காபிகூடத் தரவில்லை. சேவியர் என்னை நேராக ஹேங்கருக்குள் கூட்டிப் போனார். அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு ஆகாயக் கப்பல் சும்மா மிதந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "தள்ளிப் பாருங்க ஜரீனா" என்றார்.

சேவியர்தான் எங்கள் கம்பெனியின் முதலாளி. தூத்துக்குடிக்காரர். டாலஸுக்கு வடக்கே, யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு ரன்வேயின் ஓரத்தில் ஹேங்கர் எடுத்து, ஒரு மியூசியத்துக்காக அந்தக் காலத்து ஏர்ஷிப்பைப் போலவே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் வைப்பதற்கு அல்ல, பறப்பதற்கு. நான் கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர். அதற்கு முன் மில்பிடாஸில் ட்ரோன் கம்பெனியில் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய கம்பெனியையும் மூடிவிட்டார்கள். "நீ கால் வச்ச எடமெல்லாம் பூட்டுதான்" என்று என் கணவர் ரஃபி கேலி செய்வார். டாலஸுக்குப் பக்கத்தில் காப்பெலுக்குக் குடிவந்த பிறகு எங்கள் பெண் ஆலியா தன் புத்தகப் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. ஒட்டிய டேப்போடு கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏன் என்று கேட்டால், "ஜஸ்ட் இன் கேஸ், உம்மா" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். ஒரு கையால் தள்ளினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெரிய மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது போல மெதுவாக நகர்ந்தது. இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"இப்ப நிறுத்துங்க பாப்போம்."

பிடித்து இழுத்தேன். அது நிற்கவில்லை. என் செருப்பு தரையில் தேய, என்னையும் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் போனது. ஒரு மூலையில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி நிதானமாக எழுந்து வந்து, அடியில் தொங்கிய கேபினின் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நின்றாள். கப்பல் நின்றது. அவள்தான் காரல், எங்கள் பைலட். விளம்பரம் எழுதிய பலூன் கப்பல்களை ஊர் ஊராக ஓட்டி ரிட்டயர் ஆனவள்.

"எடையே இல்லன்னு நெனச்சுட்டீங்க" என்றார் சேவியர். "எடைதான் இல்ல. ஹீலியம் தூக்கிப் பிடிச்சிருக்கு. நிறை எங்கேயும் போகல. மூணு கார் நிறை. பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்."

பத்தாம் வகுப்பில் அதற்கு முழு மார்க் வாங்கியவள் நான். செருப்பு தேய்ந்த பிறகுதான் புரிந்தது.

2. குளிக்கத் தெரியாத புரோகிராம்

விமானம் ஓட்டம் நின்றால் விழும். ஏர்ஷிப் நின்றாலும் மிதக்கும். அந்தக் காலத்தில் இதைக் கட்டியவர்களுக்கு அதனால் கவலையே வேறு. மேலே போக வேண்டுமா, தண்ணீர்ப் பையைத் திறந்து கொட்டு. கீழே வர வேண்டுமா, வாயுவைத் திறந்து விடு. கொட்டிய தண்ணீரும் விட்ட வாயுவும் நடுவானில் திரும்பக் கிடைக்காது. அதனால் கெட்டிக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். கப்பலின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஒரு தண்டவாளம், அதில் ஓர் எடை. எடையை முன்னால் இழுத்தால் மூக்கு தாழும், பின்னால் இழுத்தால் மூக்கு உயரும். மூக்கு பார்க்கும் பக்கம் இன்ஜின் தள்ளிக்கொண்டு போகும். எடை போதவில்லை என்றால் ஆட்களையே முன்னால் ஓடச் சொல்வார்களாம்.

எங்கள் கப்பலிலும் அதே ஏற்பாடுதான். கேபினில் ஒரு கைச்சக்கரம், அதிலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் எடை. சாதாரண நாட்களில் சக்கரத்தை ஒரு மோட்டார் சுற்றும், மோட்டாரை என் புரோகிராம் சுற்றும்.

நான் ட்ரோன்காரி. ட்ரோனில் கண் இமைப்பதற்குள் பத்துத் தடவை திருத்தம் போக வேண்டும். அதே வேகத்தை இங்கேயும் வைத்தேன். முதல் சோதனைப் பறப்பில் மூக்கு லேசாக உயர்ந்தது. புரோகிராம் எடையை முன்னால் இழுத்தது. மூக்கு அசையவில்லை. இன்னும் இழுத்தது. அப்போதும் அசையவில்லை. கடைசிவரை இழுத்துவிட்டது. அதற்கப்புறம் கப்பல் மெதுவாக யோசித்து முடித்து, தலைகுப்புறச் சாய்ந்தது. உடனே புரோகிராம் பதறிப்போய் எல்லாவற்றையும் பின்னால் இழுத்தது. திருவிழா ராட்டினம் தோற்றது. இறங்கியதும் காரல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சொன்னாள்: "உன் புரோகிராமுக்கு வேலை தெரியுது. காத்திருக்கத் தெரியல. இந்தக் கப்பல்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சும்மா இருக்கணும். பதில் வர ஆரம்பிச்ச உடனே கையை எடுத்துடணும். பதில் முழுசா வர்றவரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்தா லேட்."

வீட்டுக்கு வந்தால் குளியலறையில் ரஃபி கத்திக்கொண்டிருந்தார். எங்கள் அபார்ட்மெண்டில் ஹீட்டர் ஒரு மூலை, ஷவர் இன்னொரு மூலை. சுடுதண்ணீர்க் குழாயைத் திருகினால் உடனே வராது. ரஃபி பொறுமையில்லாமல் இன்னும் திருகுவார். பிறகு மொத்தமாக வந்து தோலை உரிக்கும். உடனே அந்தப் பக்கம் திருகுவார், ஐஸ் தண்ணீர் கொட்டும். கதவுக்கு வெளியே நின்று நான் சிரித்த சிரிப்பில் ஆலியா ஓடி வந்துவிட்டாள். என் புரோகிராமும் ரஃபியும் ஒரே ரகம். அந்த வாரமே அதற்குக் குளிக்கக் கற்றுக்கொடுத்தேன்: கொஞ்சம் திருகு, காத்திரு, சூடு வரும்போதே கையை எடு. அதற்கப்புறம் கப்பல் நெய்யில் வழுக்குவது போலப் போனது.

3. வெறுங்கையோடவா போறது

இனி முக்கியமான நாள். மியூசியம் கப்பலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால், எங்கள் இடத்திலிருந்து அவர்கள் மைதானத்துக்குப் பறந்து போய் இறங்கிக் காட்ட வேண்டும். இரண்டு நிபந்தனைகள். இறங்கும்போது எடையை நகர்த்தும் சக்கரத்துக்கு மோட்டார் கூடாது, பழைய முறைப்படி கையால்தான் சுற்ற வேண்டும். ஹீலியத்தில் ஒரு மூச்சுகூட வெளியே விடக்கூடாது. தவறினால் கப்பல் வேண்டாம், எங்கள் கம்பெனிக்கும் பூட்டுதான். சேவியர் இதை மறைக்கவில்லை, மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் ஆலியாவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. அன்று காலை டிஃபன் சாப்பிடும்போது, "ஆர் வீ மூவிங் அகெய்ன்?" என்று கேட்டாள். "சாயங்காலம் சொல்றேன் தங்கம்" என்றேன். அதைவிட மோசமான பதில் ஒரு தாய்க்குக் கிடையாது.

பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் அது. ரஃபி எங்கள் ஹேங்கர் ஆட்களுக்காகப் பெரிய தேக்சா நிறையப் பிரியாணி ஆக்கிக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாத்திரம். சேவியர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், கண்ணை மூடினார்.

"இத அங்க எடுத்துட்டுப் போவோம். மொத தடவ ஒருத்தர் எடத்துக்குப் போறோம், வெறுங்கையோடவா போறது?"

"கப்பல்லயா?" என்றேன்.

"ஏன், கப்பல்ல சோறு ஏத்துனது இல்லையா?"

காரலிடம் கேட்டோம். புறப்படும் முன் கப்பலின் எடையைச் சரிபார்ப்பது வழக்கம், ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, அப்படியே நிற்க வேண்டும். "எடை எதுவா இருந்தா எனக்கென்ன" என்று சொல்லி, தேக்சாவின் கனத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை இறக்கிவிட்டுச் சரிசெய்தாள். மியூசியத்தின் தலைவி மார்த்தாவும் எங்களோடு ஏறினாள். சிரிக்காத முகம், இஸ்திரி போட்ட சட்டை. பிரியாணிக்குப் பக்கத்தில் போட்ட சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க அதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பறப்பு அருமையாக இருந்தது. மைதானத்தில் கயிறு பிடிக்க வாலண்டியர்கள் வரிசையாக நின்றார்கள். நான் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூக்கைத் தாழ்த்த, கப்பலைப் பூ மாதிரி கொண்டுவந்து வைத்தோம். நான்கு பேர் மூக்குக் கயிற்றைப் பிடித்தார்கள். இரண்டு பேர் கேபினின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் சேவியர் கதவைத் திறந்து, "ஈத் முபாரக்" என்று சொல்லித் தேக்சாவை வெளியே நீட்டினார்.

கம்பியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் அதை விட்டுவிட்டுத் தேக்சாவைப் பிடித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த வாசனைக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன். தேக்சா இறங்கியது. கப்பல் ஏறியது. வழியில் பட்ட வெயிலில் வாயு சூடாகி ஏற்கனவே கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. மூக்குக் கயிற்றில் இருந்தவர்களின் கால் தரையை விடப் பார்த்தது.

"கயிற விடுங்க! தொங்காதீங்க!" என்று கத்தினாள் காரல். விட்டார்கள். நாங்கள் மரங்களுக்கு மேலே போய்விட்டோம். கீழே இரண்டு பேர் தேக்சாவைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4. எல்லாரும் முன்னாடி வாங்க

சேவியரின் முகத்தில் ரத்தமே இல்லை. "வாயுவ விட்டுருவோமா?" என்றார் மெல்ல. விட்டால் பத்திரமாக இறங்கலாம். ஆனால் அதோடு எல்லாம் போய்விடும்.

"இன்ஜின் இருக்கே" என்றாள் காரல். "லேசான கப்பலை மூக்கைத் தாழ்த்தி ஓட்டியே கீழே தள்ளிடலாம். ஜரீனா, எடையை முன்னாடி கொண்டு போ. கையால. மத்தவங்க எல்லாரும் முன்னாடி வாங்க."

சேவியர் போய் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். மார்த்தாவும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். மூக்கு அசையவில்லை. நாங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தோம். கை பரபரத்தது. இன்னும் சுற்று, இன்னும் சுற்று என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கண்ணுக்கு முன்னால் அந்த டேப் ஒட்டிய பெட்டிதான் நின்றது.

ரஃபியின் ஷவரை நினைத்துக்கொண்டு சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன். எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், இல்லையென்றால் அது தானாகப் போய்விடும்.

மூக்கு மெதுவாகத் தாழ ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனே எடையைத் திரும்ப இழுத்தேன். சரியான இடத்தில் சாய்ந்து நின்றது. காரல் இன்ஜினை ஏற்றினாள். கப்பல் மனமில்லாமல், முனகிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிக் கீழே வந்தது. மூக்குக் கயிறு தரையைத் தொட்டதும் ஓடி வந்து பிடித்தார்கள், கம்பியையும் பிடித்தார்கள். ஆனால் வேகம் குறைந்ததுமே மறுபடி மேலே போகத் துடித்தது. உள்ளே எடை வேண்டும், இப்போதே வேண்டும்.

"தேக்சாவ ஏத்துங்க! தேக்சாவ ஏத்துங்க!" என்று நான் டெக்சாஸ் மைதானத்தில் கீழக்கரைத் தமிழில் அலறினேன்.

"பாட்! கிவ் பேக் தி பாட்!" என்று சேவியர் மொழிபெயர்த்தார்.

ஓடி வந்து கொடுத்தார்கள். ஒருவர் கையில் ஏற்கனவே ஸ்பூன் இருந்தது. தேக்சா உள்ளே வந்ததும் கப்பல் பெருமூச்சு விட்டதுபோல அடங்கியது.

அப்புறம்தான் புத்தி வந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். "எங்களுக்கு மொதல்ல எதையாவது குடுங்க, அப்புறம் பிரியாணி தர்றோம்" என்றேன். மைதானத்தில் விருந்தினர்களுக்காகப் போட்ட மேசையில் தர்பூசணிகள் இருந்தன. ஒன்றொன்றாக உள்ளே வந்தன. தேக்சாவின் கனத்துக்குத் தர்பூசணி சேர்ந்த பிறகு, காரல் தலையாட்டிய பிறகு, தேக்சா இறங்கியது. கப்பல் அசையவில்லை.

மார்த்தா கீழே இறங்குவதற்கும் ஈடாக மணல் மூட்டைகள் ஏறும்வரை காத்திருந்தாள். தரையில் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டாள். சேவியர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இறங்கச் சம்மதிக்கும்போது இறக்கிக் காட்டினீங்க, அது பெரிசில்ல. சம்மதிக்காதபோது எப்படி இறக்குவீங்கன்னுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு. வாயுவையும் விடல, மோட்டாரையும் தொடல. எடுத்துக்கறோம்." பிறகு தேக்சாவைப் பார்த்து, "இப்பவாவது சாப்பிடலாமா?" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது எங்கள் ஹேங்கரின் செக்லிஸ்டில் ஒரு வரி இருக்கிறது: ஈடாக ஒன்று ஏறாமல் எதுவும் இறங்கக்கூடாது. புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்கு நான் அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பாடத்தை மட்டும் சொல்வதில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக் காத்திருப்பதை. அதை அவரவர் சக்கரத்தில் கைவைத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

அன்று சாயங்காலம் காலி தேக்சாவோடு வீட்டுக்குப் போனேன். காலி என்று சொல்லக்கூடாது, உள்ளே ஒரு தர்பூசணி இருந்தது. ஆலியா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஸோ?" என்றாள்.

"எங்கேயும் போகல" என்றேன்.

திரும்பித் தன் அறைக்குப் போனாள். நான் சமையலறையில் பழத்தை வெட்ட உட்கார்ந்தபோது, உள்ளேயிருந்து அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.