இரண்டாம் முறை எடுத்த நீர்

கடல் ஊருக்குள் ஏறியதே, அதற்கு அடுத்த ஐப்பசியில்தான் என் வலது முழங்கால் வீங்கியது. மாதா கோயில் சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கு அப்போதுதான் வெள்ளையடித்தார்கள். ஏணி பிடிக்கப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் வேறு. எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். மூட்டில் ஊசி குத்தி, கலங்கின நீரை எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். சில நாள் கழித்து ஒன்றும் வளரவில்லை என்றார்கள்.

"நீரைப் பாத்தா கிருமி இருக்கணும் தாத்தா. வேற மாத்திரை ஏதும் தின்னீங்களா?"

"இல்ல மக்கா."

என்ன கிருமி என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது, விட்டால் மூட்டு கரைந்து கால் மடங்காமல் போகும் என்றார். மடங்காத காலோடு கட்டுமரத்தில் எப்படி உட்காருவது?

நீரை மாற்றிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். மீன் ஏலத்தில் கூடை மாறுவதை எத்தனை பார்த்தவன் நான்! அடுத்த கட்டில்காரர் புட்டியும் என் புட்டியும் ஒரே தட்டில்தான் போயின. லேபுக்காரரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"ஏட்டி, இவிய நம்மள ஏமாத்துறாவ," என்றேன் மனைவி ரோஸம்மாளிடம்.

"கல்யாணத்துக்கு எங்க அப்பன் போட்ட தங்க மாலையவே உரசிப் பாத்த ஆளுல்லா நீரு!"

அன்று ஜெபமாலை சொல்லிச் சத்தமாகவே அழுதேன். "மாதாவே, இதுல கள்ளம் பண்ணுகவன வெளிய கொண்டுவாரும்."

மறுநாள் டாக்டர் வந்து நிற்கும்போது ரோஸம்மாள் என் தலையணை உறையை உதறினாள். மாத்திரை அட்டை ஒன்று டாக்டர் காலடியில் விழுந்தது. மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. காய்ச்சலுக்கென்று வீட்டிலேயே தொடங்கியதை, இவர்கள் மருந்தை நம்பாமல் இங்கேயும் களவாகத் தின்றுகொண்டிருந்தேன்.

"இத தின்னா கிருமி சாவாது தாத்தா, பாதி மயங்கிக் கெடக்கும். லேபுல வளராது."

"கிட்டிச்சா கள்ளன்?" என்றாள் ரோஸம்மாள்.

நான் கேட்டதை மாதா அப்படியே தந்துவிட்டாள். வெட்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மாத்திரையை நிறுத்தி, சில நாள் பொறுத்து மறுபடி நீர் எடுத்தார்கள். கிருமி வளர்ந்தது. மூட்டைக் கழுவி, அதற்கேற்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். லேபுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்றே அவருக்குத் தெரியாது, பாவம்.

இன்று அந்தக் காலை மடக்கித்தான் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது மூட்டு வீங்கிக் கிடந்தால் இதைச் சொல்லுங்கள். மாதாவிடம் நம்பிக் கேட்கட்டும். தின்ற மாத்திரையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.