ரயிலை நிறுத்திய ஒத்திகை



நாளை திருப்பதியில் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் லைட் டான்ஸ். இன்று இருட்டும் நேரம், எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, எல்இடி குச்சிகளைச் சுழற்றிப் பழகினேன். ஆட்டத்தின் கடைசியில் இரண்டையும் சிவப்பாக்கி, தலைக்கு மேல் வேகமாக ஆட்ட வேண்டும்.

ஆட்டினேன்.

தூரத்தில் வந்துகொண்டிருந்த ரயில் கிறீச்சிட்டு நின்றுவிட்டது!

ஸ்டேஷன் ஊழியர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அத்த மொதல்ல அணைம்மா! செகப்பு லைட்ட ஆட்டினா ஆபத்துன்னு அர்த்தம். டிரைவர் பார்த்துக்கினுதானே வர்றாரு!"

"டான்ஸுண்ணா..." என்றேன், குச்சிகளை அணைத்துப் பைக்குள் திணித்தபடி.

திட்டித் தீர்த்து, அதே ரயிலில் ஏற்றிவிட்டார்.

எதிர் சீட்டு அக்கா, "எந்தப் பாவி வண்டிய நிறுத்தினானோ" என்றார்.

"அதானேக்கா" என்றேன், பையைக் காலுக்கடியில் தள்ளியபடி.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?