ஹெட்டருக்குப் பின்னால் ஒரு பிளக்

பிளக் மாட்டுவது ரெண்டு நிமிஷ வேலை. பிளக் இருக்கிற இடத்துக்குக் கை போய்ச் சேர்வதுதான் தொழில்.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நட்டைத் திருகியவர்கள், பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு இன்னும் உள்ளே தள்ளியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். வாங்க, உட்காருங்க. சிங்காநல்லூரில் பழைய கார்களுக்கென்று பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு காரின் ஒரே ஒரு பிளக் என்னைப் படுத்தியதைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

ஏழு புதுசு, ஒண்ணு பழசு

கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தோட்டம் பார்க்கிற பூங்கொடி அம்மணி தன் அப்பாவின் அமெரிக்கக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நீலக் கலர், எட்டு சிலிண்டர், இடப்பக்கம் ஸ்டீயரிங். பழைய கார்க்காரர்கள் வருஷா வருஷம் ஒன்றுகூடிக் கோத்தகிரிக்கு மலையேறுவார்கள். போன ரெண்டு தடவையும் இந்தக் கார் பாதி மலையில் இருமி நின்று, லாரிக்குப் பின்னால் கயிறு கட்டித் திரும்பியிருக்கிறது. "சமதளத்துல தங்கமாப் போகுதுங்க. மேடு கண்டா மூச்சு முட்டுது" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தட்டுகிற ஸ்பார்க் பிளக், பக்கத்துக்கு நாலு. அவற்றை மறைத்துக்கொண்டு பக்கத்துக்கு நாலு புகைக்குழாய்கள் வளைந்து இறங்கி அடியில் ஒன்றாகச் சேர்கின்றன. அந்தக் கொத்துக்குப் பெயர்தான் ஹெட்டர். இன்ஜினுக்கு வேகம் கூடும் என்று மாட்டுவது. மாட்டினவன் பிளக் கழற்ற வரமாட்டான். ஏழு பிளக் வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்தது. எட்டாவது, டிரைவர் பக்கம் கடைசி, ஹெட்டர் குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். துரு, கரி, எண்ணெய்ப் பிசுக்கு. இது எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்: ஏழை மாற்றுவது, எட்டாவதை நினைத்துப் பெருமூச்சு விடுவது, பானெட்டை மூடுவது. இத்தனை பட்டறை ஏறி இறங்கின வண்டியில் ஒருத்தன் கூட அதைத் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த ஸ்பேனரை வாசல் வரைக்கும் வீசினேன்.

அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுத்தான் அம்மணி விஷயத்தைச் சொன்னார். அப்பா காரை மகன், மகள் ரெண்டு பேர் பேரிலும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் தங்கமுத்துவுக்கு அன்னூரில் கல்யாண மண்டபம் இருக்கிறது. இந்தத் தடவையும் கார் மலையேறாவிட்டால், இன்ஜினைக் கழற்றிப்போட்டு, வாசலில் மேடை கட்டி ஏற்றிவிடுவாராம், பொண்ணு மாப்பிள்ளை சாய்ந்து நின்று போட்டோ எடுக்க. சொந்தபந்தம் முன்னால் இவரும் சரியென்று சொல்லிவிட்டார்.

"மேடையில ஏறிட்டா அது காரில்லீங் மணியண்ணா," என்றார். "சீட்டு வெச்ச பந்தல்."

மோதிர விரல் அளவு

அந்த ஹெட்டரைச் செய்தது கோட்டைமேட்டு சலீம் பாய். குழாய்க்குள் மணலை அடைத்து, காய்ச்சி வளைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரோடு பேசி ஜெயிக்கவும் ஆளில்லை. போன வேகத்தில் சத்தம் போட்டேன். "பிளக் ஓட்டைக்கு நேரா குழாயை வளைச்சு வெச்சிருக்கீங்களே பாய், மனுசன் கையை எங்க விடறது?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "புகை போறதுக்கு வழி கேட்டாங்க, வெச்சுக் குடுத்தேன். உங்க கை போறதுக்கு யாரும் கேக்கலியே" என்றார்.

ஹெட்டரையே கழற்றி வேறு செய்ய நேரமில்லை. அதற்கு இன்ஜினைத் தூக்க வேண்டும், மலையேற்றமோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை. குழாயில் ஒரு பள்ளம் வைத்தால் ஸ்பேனர் நுழையும் என்றேன். தன் குழாயில் சுத்தியல் படக்கூடாது என்றார். நான் எதையும் கேட்ட விலைக்கு வாங்கினவனில்லை. கட்டை விரல் அளவுக்குப் பள்ளம் கேட்டேன். சுண்டு விரல் என்றார். நடு விரலுக்கு இறங்கினேன். எழுந்து போகிற மாதிரி செருப்பைக்கூட மாட்டினேன். மோதிர விரலில் முடிந்தது.

பட்டறைக்கே வந்தார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகு, குழாயைச் சிவக்கக் காய்ச்சி, உருண்டைத் தலைச் சுத்தியலை வைத்து மெதுவாக அமுக்கினார். தன் மோதிர விரலை வைத்து அளவு பார்த்தார், என் விரலை விட அவர் விரல் ஒல்லி என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிளம்பும்போது குழாயைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யாராச்சும் கேட்டா, குழாய் சலீம் செஞ்சது, பள்ளம் மணி செஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்லிருங்க."

டேப்போடு வந்த அண்ணன்

மறுநாள் நான் பானெட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தபோது, காருக்குப் பின்பக்கம் டேப் இழுக்கிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய ஆள், கூட ஒரு தச்சர். தங்கமுத்துதான். மேடைக்கு அளவெடுக்கிறார்கள்.

"ஏனுங்க, உசுரு இருக்கறப்பவே பொட்டிக்கு அளவெடுக்கறீங்களா?" என்றேன். தச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தங்கமுத்து அசையவில்லை. "கோவிச்சுக்காதீங்க. முகூர்த்தம் வருது, ஆளு கெடைக்கமாட்டாங்க. எப்படியும் நிக்கத்தான் போகுது" என்றார். தன்மையாகச் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அங்கேயே பேரம் ஆரம்பித்தேன். எங்கே நின்றாலும் தோற்றதுதான் என்றார் அவர். மாடு குறுக்கே வந்தால்கூடவா என்றேன் நான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, டீ குடிக்க, யானை வந்தால் ஒதுங்க, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசியில் இப்படி நின்றது: நிற்கலாம், கயிறு கட்டக்கூடாது, தள்ளக்கூடாது, என்னைத் தவிர வேறு மெக்கானிக் தொடக்கூடாது, இருட்டுவதற்குள் கோத்தகிரி. போய்ச் சேர்ந்தால் அவருடைய பாதியைத் தங்கச்சிக்கு விட்டுவிட வேண்டும். சேராவிட்டால் இன்ஜினை நானே கழற்றிக் கொடுக்க வேண்டும். கடைசிச் சொல்லுக்கு நான் கொஞ்சம் யோசித்தேன். அப்புறம், சாட்சிக்கு நீங்களும் பின் சீட்டில் உட்கார்ந்து வரணும் என்றேன்.

"வாரனுங்க," என்றார் தங்கமுத்து. "ஆனா வழியில பாட்டுப் போடக்கூடாது. இருமற சத்தம் எனக்குக் கேக்கோணும்."

ரப்பர் குழாய்

பழைய பிளக்கை எடுக்க ஒரு நல்ல ஸ்பேனரை அறுத்துக் குட்டையாக்கி, காய்ச்சி வளைத்து, கோழிக்கால் மாதிரி ஆக்கினேன். அதை விற்ற கடைக்காரர் பார்த்தால் அழுவார். ஒரு திருப்புக்கு நகம் அளவு நகரும். எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். புறங்கையில் தோல் உரிந்து, பிளக் வெளியே வந்தபோது அதன் முனை அரிசி மணி போலத் தேய்ந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு இந்த வண்டி கோபியிலிருந்து கோயமுத்தூர் வந்ததே பெரிசு.

புதுசை மாட்டுவதுதான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் ஸ்பேனரை வைத்துத் திருகினால், மரை கோணலாக ஏறித் தின்றுபோகும். அப்புறம் இன்ஜின் தலையையே கழற்ற வேண்டியதுதான். அதனால் பிளக்கின் வால் பக்கம் ஒரு சாண் பெட்ரோல் ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயை விரலால் உருட்டுவோம். மரை சரியாகப் பிடித்தால் பிளக் சுழன்று உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கும், பிளக் நின்றுவிடும். என்னைப் போல முன்கோபக்காரர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்தது. ரப்பரிடம் முறைக்க முடியாது. காலையில் ஆரம்பித்தேன். வழுக்கியது. பிளக் கீழே விழுந்தது. எடுத்தேன். வழுக்கியது. மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. வண்டிக்கு முன்னால் நின்று அதைத் திட்டினேன், பிளக்கைத் திட்டினேன், சலீம் பாயின் மோதிர விரலைத் திட்டினேன்.

சாயங்காலம் பிடித்தது. விரலுக்குள் அந்தச் சுழற்சி வந்ததும் மூச்சு விடாமல் உருட்டினேன். கடைசி முறுக்கை மட்டும் கோழிக்கால் ஸ்பேனரால் கொடுத்தேன். பக்கத்து டீக்கடை அக்கா ரெண்டு தடவை ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டு, மூன்றாவதை வைக்கும்போது கேட்டார்:

"ஏனுங்கண்ணா, ஆணா பொண்ணா?"

பின் சீட்டுக்காரரின் கண்

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பித்தது. பூங்கொடி ஓட்டினார், நான் பக்கத்தில், தங்கமுத்து பின்னால். கார் ஏறியது பாருங்கள், வெண்ணெயில் கத்தி போன மாதிரி. போன வருஷம் நின்ற வளைவைத் தாண்டினபோது அம்மணி ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்கு மேலே நாலைந்து வளைவு போயிருப்போம். இருமியது.

"கேட்டுதுங்க," என்றார் தங்கமுத்து.

ஓரம் கட்டிப் பார்த்தேன். எட்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. கோழிக்கால் ஸ்பேனர் கடைசி முறுக்கில் சாய்ந்து பீங்கானை அமுக்கியிருக்க வேண்டும். மலையின் சூட்டில் விரிசல் பெரிதாகிவிட்டது. வேறு பிளக் கைவசம் இருக்கிறது. ஹெட்டர் தோசைக்கல்லாகக் காய்கிறது. தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். ஆறட்டும் என்று காத்திருந்ததில் வெயில் சாய்ந்து, பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்துவிட்டது. மற்ற கார்களெல்லாம் கையசைத்துக்கொண்டு மேலே போய்விட்டன.

விரிசல் விட்டதைக் கழற்றினேன். புதுசை ரப்பர் குழாயில் செருகி உள்ளே விட்டேன். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. பட்டறையில் ஒரு பகல் பிடித்த வேலை. இங்கே வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான். மேலேயிருந்து கை விடுகிறவனுக்கு ஓட்டை தெரியாது. முன் சக்கரத்தை ஒடித்து வைத்தால், சக்கரத்துக்கு மேலே இருக்கிற சந்து வழியாக அது தெரியும், ஆனால் அங்கிருந்து கை எட்டாது. கை ஒருத்தர், கண் ஒருத்தர் வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்தும் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாத சரிவு, அம்மணி பிரேக்கை விட்டு இறங்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

எதுவும் கேட்காமல் நான் டார்ச்சை நீட்டினேன். அவர் வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் மேடைக்கு. தப்பாகச் சொன்னாலும் மேடைக்கு. நான் ரப்பரைச் சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே விட்டேன்.

உருட்டினேன், வழுக்கியது. மறுபடி உருட்டினேன். வழுக்கியது. அப்புறம் கீழேயிருந்து, யாருக்கோ சொல்கிற மாதிரி ஒரு குரல்: "சித்த மேல." தூக்கினேன். "அக்கட்டால போயிட்டீங்க. இக்கட்ட வாங்க. இன்னும். நில்லுங்க, நில்லுங்க." நின்றேன். "மூக்கு எறங்கிப்போச்சு, நிமுத்துங்க. அதேதான். இப்ப நேரா வுடுங்க, நேரா." உருட்டினேன். விரலுக்குள் அந்தச் சுழற்சி வந்தது. "போகுது," என்றது குரல். "போகுது, போகுது, நிறுத்தாதீங்க."

கடைசி முறுக்குக்கு ஸ்பேனர் சாயாமல் இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொன்னார். எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பேசியது. கோத்தகிரியில் கார்களுக்கு நடுவே போய் நிறுத்தினபோது மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. தங்கமுத்து இறங்கி, கையில் இருந்த கரியைப் பார்த்தார், வேட்டியில் துடைக்க மனசில்லாமல் புல்லில் துடைத்தார். பூங்கொடி அவர் பக்கத்தில் போய் நின்று, "ஏண்ணா, சும்மா உக்காந்திருந்தா கார் உங்க மேடைக்குத்தானே?" என்று கேட்டார்.

"தப்பாச் சொல்லோணும்னுதான் அம்மணி உக்காந்தேன்," என்றார் அவர். "அது ஓட்டைக்கிட்டக்கவே வந்து வந்து தவறுனதைப் பாத்துக்கிட்டு வாயை மூடிட்டு இருக்க என்னால ஆகல."

ஆக, எங்கள் தொழிலில் நம் கைக்கு இடம் இல்லாவிட்டாலும் ஒப்பேற்றிக்கொள்ளலாம், நாம் தோற்க வேண்டும் என்று வந்தவரின் கண்ணுக்கு ஒரு சந்து விட்டு வைத்தால் போதும்.